துக்கத்துக்குக் கெடு உண்டா?

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா பக்கம் போனால் தித்திவங்சா மலைக்காடு தொடங்கிவிடும். அங்கே ஒரே வகை மரங்கள் நான்கு ஒரே நாளில் சாய்ந்தாலும் ஒரே காலத்தில் மக்காது. விழுந்த இடம் அப்படி.

பள்ளத்தாக்கின் ஈர மண்ணில் பதிந்து கிடப்பதைப் பூசணமும் கறையானும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முகட்டில் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சிவிடும். செங்குத்துச் சரிவில் பாறைமேல் தொங்கும் மரம் மண்ணைத் தொடவே நாளாகும். சதுப்பில் மூழ்கியதுதான் ரொம்ப மெதுவு. தண்ணீர் நிறைய இருக்கு, காற்று இல்லை. பூசணத்துக்கு ஈரமும் வேணும், மூச்சும் வேணும்.

துக்கமும் அப்படித்தான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும், அப்பாவை இழந்த நண்பனிடம், “இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே?” என்று கேட்டுவிடுகிறோம். கருமாதி சடங்குக்கு வைத்த கணக்கு. மனசுக்கு வைத்த கெடு அல்ல. அண்ணன் தம்பி சூழ இருப்பவனும், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவனும் ஒரே நாளில் தேற முடியுமா?

“ஆன்மாவுக்கு அழிவில்லைன்னு கீதையே சொல்லுதே, எதுக்கு அழணும்?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அர்ச்சுனன் தன் கலக்கத்தையெல்லாம் கொட்டிய பிறகுதான் கண்ணன் அந்த உபதேசத்தைத் தொடங்கினான். அழுகிறவன் வாயை அடைக்க அதை எடுக்கலாமா?

நண்பன் விழுந்த இடத்தை நம்மால் மாற்ற முடியாது. உள்ளே மூழ்கிக் கிடக்கும் துக்கத்துக்குக் கொஞ்சம் காற்று விட முடியும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், திதி நெருங்கும்போது ஒரு போன் பண்ணுங்க. அவன் பேசட்டும். நாம் கேட்போம்.