குற்றங்காட்டலும் பழிதூற்றலும்

சிவமயம்



உலகத்திலே ஒரு நற்கருமத்தைச் செய்யத் தலைப்பட்டோர் எவரும் பிறர் வாயிற் பழிச்சொற் கேளாது அதனை முடித்ததில்லை. நூல் எழுதினோரும், வாணிகஞ் செய்தோரும், பொதுக் கருமத்திற் புகுந்தோரும் இதற்கு விலக்காகார். பண்டாரவளைக்குத் தெற்கேயுள்ள பூனாகலை முதலிய ஊவாத் தோட்டங்களிலே சமய பாடஞ் சொல்லும் ஆசிரியர்களும் இதனை நன்கறிவர். மாலையிற் பிள்ளைகளைக் கூட்டித் தேவாரம் ஓதுவித்தால், “இஃது எதற்கு?” என்பார் சிலர், கோயிற் கணக்கைப் பலரறிய வாசித்தால், “இவருக்கேன் இவ்வதிகாரம்?” என்பார் சிலர். இவ்வாறு வருஞ் சொற்களை எவ்வாறு ஏற்பது, நாமே பிறரிடத்துக் குற்றஞ் சொல்ல நேரின் எவ்வாறு சொல்வது என்னும் இரண்டனையும் இங்கே சிறிது ஆராய்வாம்.

திருவள்ளுவ நாயனார் புறங்கூறாமை என ஓரதிகாரம் வகுத்து, பிறர்மேற் பழி சொல்லுதலைக் கடிந்தார். அவரே, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசனுக்குக் கேடு வரும் என்னுங் கருத்தை வற்புறுத்தினார். ஒரே நூல் ஒன்றை விலக்கி மற்றொன்றை விதித்தலால், இவ்விரண்டும் வெவ்வேறென்பது தெளிவு. குற்றங்காட்டுவோன் செயலைச் சுட்டுகின்றான். பழிதூற்றுவோன் ஆளைச் சுட்டுகின்றான். முன்னவன் சொல்லாற் செயல் திருந்தும். பின்னவன் சொல்லால் எதுவுந் திருந்துவதில்லை. இதனையே உரைகல்லாகக் கொள்க.

திருவிளையாடற் புராணத்திலே தருமியின் பொருட்டு இறைவன் அருளிய பாட்டிலே நக்கீரர் குற்றங் கண்ட வரலாறு நம்மில் அறியாதார் யாருமிலர். அவர் பேசியது பாட்டின் பொருளைப் பற்றியே. தருமியின் வறுமையையோ குலத்தையோ பற்றி அவர் ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. அதனாலன்றோ அவர் வாதத்தை நாம் இன்றும் மதிக்கின்றோம்! ஆயினும், அவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. பரிசை நம்பி வந்த ஏழை தருமி, அவையோர் காணத் தலைகுனிந்து மீண்டு, ஆலவாயண்ணல் திருமுன் நின்று அழுதான். அவனழுகையைக் கேட்டே இறைவன் சங்கத்துக்கு எழுந்தருளினான். குற்றங்காட்டுவோன் எதிரிலே எப்பொழுதும் ஒரு தருமி நிற்கின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, எம் கூட்டத்தார் செய்த பிழையையும் மறையாது சொல்லுதல் முறைமையாம். 1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பில் இராமலிங்க சுவாமிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு வெளிவந்தன. அருட்பா என்னும் பெயர் திருமுறைகளுக்கே உரியது என்பது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் கொள்கை. 1869இல் போலியருட்பா மறுப்பு எழுந்தது. பெயரைப் பற்றிய இவ்வழக்கு சாத்திரத்தோடு நின்றிருப்பின், அஃது அறிஞர் வாதமாய் முடிந்திருக்கும். அஃது அவ்வளவில் நில்லாது, அவ்வாண்டே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. சுவாமிகள் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்த பின்னரும் கண்டனப் பத்திரங்கள் ஓயவில்லை. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும், இசுலாமியப் புலவராகிய செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கமும் நின்று வாதஞ் செய்தனர். இருதிறத்துப் பத்திரங்களிலும் நூலாராய்ச்சி சிறிதும் ஆளை வைதல் பெரிதுமாயின. கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனாரே பிற்காலத்தில் இராமலிங்க சுவாமிகளின் திருவுள்ளத்தைப் போற்றி நூல் எழுதினார் எனின், அவ்வசைமொழிகளால் விளைந்த பயன் யாது? நாவலரவர்கள் பதிப்பித்த நூல்களும் நிறுவிய பாடசாலையும் நின்றன; சுவாமிகள் பாடல்களும் நின்றன. வசைகள் மாத்திரம் ஆராய்ச்சியாளர் அலமாரிக்குள் ஒடுங்கின.

நம்மேல் வருங் கண்டனத்தை ஏற்கும் முறைக்கு உ. வே. சாமிநாதையரவர்கள் சான்றாவர். 1887இல் அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, சைவர் சமண நூலைப் பதிப்பிக்கலாமோ என்று சிலர் இகழ்ந்தனர். பதிப்பிற் பிழையென்று வேறு சிலர் தாக்கினர். மறுமொழி எழுத முற்பட்ட அவரைச் சாது சேஷையர் என்னும் பெரியார், காலம் வீணாகுமென்று சொல்லித் தடுத்தார். ஐயரவர்களும் அவ்வுரையை மேற்கொண்டு ஏடு தேடுதலிலே காலத்தைச் செலவிட்டார். 1907இல் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதுவே அவர் கொடுத்த மறுமொழி. பிழை உண்டாயின் அடுத்த பதிப்பிலே திருத்துக. இல்லையாயின் வேலையைத் தொடர்க.

வாணிகத்திலும் இவ்வாறே. சைவராகிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்ட முயன்றபொழுது, எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்து அவரை வீழ்த்த முற்பட்டனர். கூட்டாளிகளே அரசியலையும் வாணிகத்தையும் கலந்தாரென்று குறைகூறினர். 1908இற் சிறை சென்று 1912இல் மீண்ட அவர் தம் கம்பெனியைக் கண்டிலர். எனினும் பகைவரை வைதுகொண்டு வாழ்நாளைக் கழியாது, சிவஞான போதத்துக்கு உரை செய்து நமக்குத் தந்து சென்றார்.

பொதுவாழ்விலோ, பழிச்சொல் ஒருவர்மேலன்றி ஒரு சமூகத்தின் மேலேயே வீழ்வதுண்டு. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே கொஸ்லந்தைக்கு அயலில் மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிழைத்தோருக்குப் பாடசாலைகளே புகலிடமாயின. மண்ணை அகழ்ந்து முடியுமுன்னரே, “2005இலும் 2011இலும் எச்சரித்தோம், அவர்கள் விலகவில்லை” என்னுஞ் சொல் எழுந்தது. தமக்கென ஒருபிடி நிலமில்லாதவர், தோட்டத்தார் கொடுத்த லயத்தை விட்டு எங்கே விலகுவர்? அதனை வினாவியிருப்பின் அது குற்றங்காட்டலாம். இறந்தோர்மேற் பிழையை ஏற்றிக் கைகழுவியது பழிதூற்றலேயாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியபொழுதும், ‘அன்னியர்’ என்னும் பழிச்சொல்லே அதற்கு முன் நடந்து வழியமைத்தது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேதான் வந்தது. ஒரு சொல்லின் கேட்டை மாற்ற 55 ஆண்டுகள் சென்றன.

ஆசிரியப் பெருந்தகையீர்! இவற்றையெல்லாம் எடுத்துரைத்தது யாரையோ நோவதற்கன்று. நாடோறுங் குற்றங்காட்டுதலையே தொழிலாக உடையார் நாமன்றோ? ஒரு பிள்ளையின் கணக்கிலே, “இவ்வரியிற் பிழைத்தாய், மீண்டுஞ் செய்” என்பது குற்றங்காட்டல். “உனக்குப் படிப்பு ஏறாது, நீ கொழுந்து பறிக்கவே போவாய்” என்பது பழிதூற்றல். இப்பழி இரண்டு தலைகளில் வீழ்கின்றது. பிள்ளையின் அறிவை இகழ்வது ஒன்று. பனியிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்து அப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாயின் உழைப்பை இழிவென்று சொல்வது மற்றொன்று. வெளியூரிலிருந்து வந்து கற்பிக்கும் எம்மவருட் சிலர் ‘தோட்டத்தார்’ என்பதை இழிசொல்லாக வழங்கக் கேட்டு யாம் நாணியதுண்டு. சைவம் பரப்ப வந்தோர் வாயினின்றே அச்சொல் பிறக்குமாயின், பிள்ளை தேவாரத்தை நம்புமோ, அச்சொல்லை நம்புமோ? பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையை வறுமை இழுத்தது என்று எழுதிவிடுகின்றோம். அதற்கு முன்னாள் வகுப்பிலே நாம் சொன்னது யாதென்று எழுதுவதில்லை.

திருவெண்ணெய்நல்லூர் வரலாற்றை நினைமின்கள். மணப்பந்தரிலே முதிய மறையவராய் வந்து தடுத்த பெருமானை நம்பியாரூரர் பித்தன் என்று இகழ்ந்தார். ஆட்கொண்டபின் அவர் எவ்வாறு பாடுவதென்று மயங்கி நிற்க, இகழ்ந்த அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்று பெருமான் பணித்தருளினான். தன்மேல் வந்த வசையையே பதிகத்தின் தொடக்கமாகக் கொண்டவன் நம் இறைவன். அவன் அடியாராகிய நாம், நம்மேல் வரும் பழியில் மெய் உண்டாயின் அதனைத் திருத்தத்தின் தொடக்கமாகக் கொள்வோம். பொய்யாயின் அவன் திருவடியில் விடுவோம். நாளைக் காலை வகுப்பிற் புகும்பொழுது நம் நாவினால் எந்தத் தருமியுந் தலைகுனியாதபடி காப்போம்.

திருச்சிற்றம்பலம்.