கணக்கில் ஏறாத செலவு

வியாபாரிகளாகிய நாம் வரவு செலவு எழுதத் தெரிந்தவர்கள். ஆயினும் நம் பேரேட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று சற்றே யோசிப்போமாக.

2018ஆம் ஆண்டு முதல் சீன தேசம் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையில் பெரும்பகுதியை ஏற்க மறுத்தது. உடனே செல்வ நாடுகளின் குப்பை மலேசியாவை நோக்கித் திரும்பிற்று. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் அனுமதியற்ற ஆலைகள் முளைத்தன. அவை எரித்த புகையை அங்குள்ள ஜனங்கள் சுவாசித்தார்கள். பணக்கார தேசத்தின் வீதி சுத்தமாயிற்று. எளியவர் வீட்டுக் காற்று கெட்டது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை மலேசிய அரசாங்கம் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியது.

"பணம் கொடுத்துத்தானே அனுப்பினோம்" என்பார்கள். பணத்தை வாங்கினவன் ஒருவன், புகையை வாங்கினவன் மற்றொருவன். இருவர் சம்மதித்த பேரம் மூன்றாமவன் தலையில் விடிந்தால் அது நேர்மையான வியாபாரமாகுமா?

பிறரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து வெள்ளிச் சரக்குக்கு மூன்று பை கொடுப்பவர் நம்மில் இல்லையா? கொடுக்காவிட்டால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்ற பயம் நமக்கும் உண்டு. ஆனாலும், "பை வேண்டுமா?" என்று முதலில் கேட்போம். நிறுவையில் காட்டும் நாணயத்தைக் குப்பையிலும் காட்டுவோமாக.