தையலுக்குக் கீழே கோத்த நீர்

முன்னங்காலை எடுத்த நாய் வீடு திரும்பி மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். கஞ்சி குடிக்கிறது, வாலை ஆட்டுகிறது, மூன்று காலில் தத்தித் தத்தி வாசல்வரை போய் வருகிறது. அப்போதுதான் தையலுக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாக, முந்தின நாள் இல்லாத ஒரு தொங்கல் கண்ணில் படுகிறது. தொட்டால் தளதளவென்று அசைகிறது. வீட்டுக்காரர்கள் மருத்துவரிடம் ஓடிவந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி கோத்திருக்கு டாக்டர், ஊசி போட்டு எடுத்துடுங்க." கோத்திருப்பது நீர்தான், அதுவரை சரி. எடுத்துவிடுவதில்தான் அவசரப்படக் கூடாது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று தெரிய, உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நமக்குக் காறை எலும்பு இருக்கிறது. அதன் வழியாகத்தான் கை மார்புக்கூட்டோடு எலும்பால் இணைகிறது. நாய்க்கு அப்படி வேலை செய்யும் காறை எலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பையும் காலையும் உடம்போடு பிடித்து வைத்திருப்பவை தசைகள் மட்டுமே. அதனால் முன்னங்காலை எடுக்கும்போது பெரும்பாலும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். எலும்பை அறுக்கும் வேலை மிச்சம். பின்னாளில் தசை வற்றி எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் தொல்லையும் இல்லை. தசைகளைப் பிரித்து, அக்குளில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்களைக் கட்டி, நரம்புக் கற்றையை வெட்டினால் கால் முழுதாக வெளியே வந்துவிடும். பைக் மோதி அக்குள் நரம்பு பிய்ந்து, காலைத் தரையில் தேய்த்து இழுத்துத் திரியும் தெருநாய்க்கும் இதே அறுவைதான். எலும்புப் புற்று வந்த பெரிய ஜாதி நாய்க்கும் இதேதான்.

வெளியே வந்த கால் விட்டுப்போவது ஒரு வெற்றிடத்தை. தசைகளை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்தாலும், மேல்தோலுக்கும் அடியில் இருக்கும் தசைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி மிஞ்சத்தான் செய்யும். வெட்டுப்பட்ட திசுவில் அழற்சி இருக்கும். அழற்சியில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசியும். அந்தக் கசிவை வழக்கமாக வடித்துக்கொண்டு போகும் நிணநீர்க் குழாய்களும் காலோடு சேர்ந்து அறுபட்டுவிட்டன. வரத்து கூடி, போக்கு அடைபட்டால் நீர் இடைவெளியில்தான் தேங்கும். இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் செரோமா. நாய்க்கு மட்டும் வருவதல்ல இது. மார்பகப் புற்றுக்காக மார்பை எடுத்த பெண்களுக்கும் இதே காரணத்தால் இதே நீர் கோக்கிறது.

இடைவெளியை மூடுவது உடம்பின் வேலை. ஃபைப்ரின் என்ற புரதம் இழை இழையாகப் படிந்து தோலையும் தசையையும் ஒட்டவைக்கிறது. சுவரொட்டி ஒட்டியவர்களுக்குத் தெரியும், பசை காய்வதற்குள் தாளைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகுமென்று. நாய் துள்ளும்போதும் மாடிப்படி ஏறும்போதும் மார்பின் தோல் அப்படித்தான் தசைமேல் வழுக்குகிறது. ஒட்டு விட்டுப்போகிறது, இடைவெளி திறக்கிறது, நீர் இறங்குகிறது. வலி மருந்து நன்றாகக் கேட்கும் நாய்க்குத்தான் வீக்கம் பெரிதாக வருகிறதோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். அதற்காக மருந்தைக் குறைப்பது கொடுமை. குறைக்க வேண்டியது நடமாட்டத்தை.

எல்லா வீக்கமும் செரோமா அல்ல. ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் அலைபோல் எழும்பினால் நீர் ஒரு பைக்குள் இருக்கிறது; அது செரோமா. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்று மெதுவாக நிரம்பினால், நீர் பைக்குள் இல்லை, திசுவுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. இந்த ஊறல் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. முன்னங்கால் எடுத்த நாய்க்கு அது நெஞ்செலும்பின் கீழே இறங்கும். பின்னங்கால் எடுத்த நாய்க்கு அடிவயிற்றுக்கும், ஆணாக இருந்தால் விரைப் பக்கத்துக்கும் வரும். கூடவே கருநீலக் கன்றலும் இறங்கிவந்து, அறுவை நடக்காத இடத்தில் தெரிந்து வீட்டாரைக் கலங்கவைக்கும். பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும்.

மார்பைச் சுற்றிப் போட்ட கட்டு இறுகினாலும் வீங்கும். கட்டுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால், அல்லது நாய் மூச்சுக்குத் திணறினால், உடனே தளர்த்தச் சொல்லுங்கள்.

கவலைப்பட வேண்டிய வீக்கம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சில மணி நேரத்துக்குள் விறுவிறுவென்று பெருத்து, இறுகி, ஊதா நிறத்துக்கு மாறினால் உள்ளே ரத்தம் கசிகிறது. ஈறு வெளிறிப்போனால் காத்திருக்க நேரமில்லை. நம் ஊரில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: உண்ணிக் காய்ச்சல். தெருவிலிருந்து எடுத்துவந்த நாய்களில் இது சகஜம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை இது குறைத்துவிடும், ஆல்புமினையும் இறக்கிவிடும். ஆல்புமின் குறைந்த உடம்பில் ஊறல் வடியத் தாமதமாகும், மற்ற கால்களிலும் வீக்கம் தெரியலாம். அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதன் அருமை அப்போதுதான் புரியும். சூடும், தொட்டால் சீறும் வலியும், துர்நாற்றமும், கலங்கலான கசிவும் சேர்ந்து வந்தால் சீழ் என்றே கொள்ள வேண்டும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். 103ஐத் தாண்டினால் தகவல் சொல்லுங்கள்.

இனி ஊசிக்கு வருவோம். செரோமாவின் நீர் பெரும்பாலும் கிருமியற்றது. புரதம் நிறைந்த, வெதுவெதுப்பான திரவம். கிருமிக்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும் தோலில் இருக்கும் கிருமி உள்ளே போக ஒரு வழி திறக்கிறது. இத்தனைக்கும் எடுத்த நீர் இரண்டொரு நாளில் மறுபடி ஊறிவிடும், ஏனென்றால் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. விட்டுவைத்தால் உடம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். வீக்கம் தையலையே பிய்த்துவிடும் அளவுக்கு இழுத்தாலோ, நாய் படுக்க முடியாமல் தவித்தாலோ, தொற்று என்ற சந்தேகம் வந்தாலோ மருத்துவர் முழுச் சுத்தத்தோடு எடுப்பார். சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்து வடித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அது ரத்தத்தில் இருக்கும் நீரை வெளியேற்றும். தோலுக்கடியில் பைகட்டி நிற்கும் நீரை அது எட்டாது. வீட்டு அலமாரியில் இருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் பக்கம் கையே போகக் கூடாது. நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை பதம்பார்த்துவிடும்.

வீட்டில் செய்வதற்கு வேலை இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், அதன்பின் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். ரத்தக்கசிவோ சீழோ இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வெந்நீர். டைல்ஸ் தரைமேல் சாக்கோ கயிற்றுப்பாயோ விரியுங்கள். மூன்று காலில் வழுக்கும் நாய் ஒவ்வொரு வழுக்கலிலும் தையலைத்தான் இழுக்கிறது. வெளியே கூட்டிப்போகும்போது மார்புப் பட்டை வேண்டாம், வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்குங்கள். கூம்புக் காலரைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் தையலில் படக் கூடாது. தினமும் காலையில் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து, வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் மெல்லக் கோடிட்டு வைத்தால், கூடுகிறதா குறைகிறதா என்ற வாக்குவாதமே வராது. ஒருநாள் தையல் இடுக்கு வழியாக இளஞ்சிவப்பாக நீர் தானே கசிந்து பை சுருங்கிவிடலாம். பதறாதீர்கள். சலைனில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், நக்கவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; திறந்த வழி உள்ளே போகவும் வழிதான்.

தையல் பிரிப்பது பத்து முதல் பதினான்கு நாளுக்குள். கொஞ்சம் நீர் மிச்சமிருந்தாலும் பிரித்துவிடுவார்கள். புற்றுக்காகக் கால் எடுத்த நாய்க்குத்தான் இந்தக் காலக்கெடு முக்கியம். புண் ஆறிய பிறகே கீமோ மருந்து தொடங்க முடியும், சீழ் பிடித்தால் அதுவும் தள்ளிப்போகும். அந்த நாய்க்கு, எல்லாம் வடிந்து மயிர் வளர்ந்து மாதங்கள் கழித்து, அதே இடத்தில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதைப் பழைய நீர் என்று விட்டுவிடாதீர்கள். இந்த முறை ஊசி குத்தித் திசுவை எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.