நந்தவனம் யாருடையது?

எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும் வேளையில் ஸேவார்த்திகளின் கண்கள் முதலில் திருமுகமண்டலத்திலும், அடுத்துத் திருமார்பில் புரளும் திருமாலையிலும் பதிகின்றன. அம்மாலையைத் தொடுத்தவர் யார், அதன் மலர்கள் எந்த ஊர்க் கொல்லையில் பூத்தவை, அக்கொல்லைக்கு நீர் இறைத்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. வினவாதிருப்பதே அம்மாலைக்குப் பெருமை. திருமேனியைச் சேர்ந்த பின்பு மலருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

ஆனால் திருமேனியைச் சேர்வதற்கு முன்பு மலருக்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு. சில வேளைகளில் வழக்கும் உண்டு. உத்ஸவ நாள்கள் அனைத்திற்கும் வேண்டும் மலர் முழுவதையும் ஒரே நந்தவனம் தருவது அரிது. ஆகவே ஊர்தோறும் உள்ள நந்தவனச் சபைகளும் தோட்டக்கலைச் சங்கங்களும் ஒரு வட்டாரத்தில் ஒன்றோடொன்று இணைந்து பணி செய்ய வேண்டியதாகிறது. அடியேன் அத்தகைய இணைப்புச் சபை ஒன்றில் பல ஆண்டுகள் செயலாளனாக இருந்தவன். அந்நாள்களில் அடியேனை விடாது தொடர்ந்த கேள்வி ஒன்றை இங்கே விண்ணப்பம் செய்துகொள்கிறேன். ‘என் நந்தவனம்’, ‘எங்கள் ஊர் மலர்’ என்று உள்ளத்தில் எழும் பற்று பக்தியா, அஹங்காரமா? அப்பற்று இல்லையேல் தோட்டம் வாடும்; அது மிகுந்தால் கூட்டம் குலையும். இரண்டிற்கும் நடுவே வழி உண்டா?

நம் ஸம்பிரதாயத்தில் மலர்த்தொண்டுக்குக் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்த பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் நந்தவனம் வைத்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரும் நாம் அனைவரும் அறிந்தவர்கள். ஆயினும் மேற்சொன்ன கேள்விக்கு நேரே விடை தேடுவோர் திருமலைக்கே செல்ல வேண்டும்.

திருவரங்கத்தில் உடையவர் காலக்ஷேபம் ஸாதித்துக்கொண்டிருந்தபோது, திருவேங்கடத்தில் தங்கி எம்பெருமானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லவர் யார் என்று கேட்டருளினார். மலையின் குளிரை எண்ணிப் பலரும் தயங்கி நிற்க, அனந்தாழ்வான் எழுந்து நின்றார். உடையவர் மகிழ்ந்து அவரை ‘ஆண்பிள்ளை’ என்று கொண்டாடினார். அவர் தேவிகளுடன் திருமலைக்குச் சென்று, நந்தவனம் அமைத்து, அதற்கு ஆசார்யன் திருநாமத்தையே இட்டார். செடிகளுக்கு நீர் வேண்டுமென்று ஏரி ஒன்றையும் வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் சுமந்து கொட்டினார். அப்பொழுது ஒரு சிறுவன் வந்து, தானும் சுமப்பதாகச் சொன்னான். அனந்தாழ்வான் இசையவில்லை. சிறுவனோ அவர் அறியாதபடி தேவிகளின் கூடையை வாங்கிச் சுமந்தான். அதைக் கண்டுகொண்ட அனந்தாழ்வான் சினந்து கடப்பாறையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்ச் சந்நிதியில் எம்பெருமானின் மோவாயில் குருதி பெருகக் கண்டு, பதைத்து, பச்சைக் கற்பூரத்தை அப்பினார் என்பது வரலாறு. அந்தக் கடப்பாறை இன்றும் திருமலையின் பெரிய வாசலில் இருக்கிறது. திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுவதும் நடந்து வருகிறது.

ஆசார்யன் தமக்கு இட்ட பணியைப் பிறர் கையில் விடாத நிஷ்டைக்கு எடுத்துக்காட்டாகவே இவ்வரலாற்றைப் பெரியோர் சொல்வர். அந்த நிஷ்டையைக் குறை கூற நமக்கு யோக்யதை இல்லை. ஆனால் இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. கூடை சுமக்க வந்தவன் எம்பெருமான், விரட்டப்பட்டவனும் அவனே. உதவ வருபவரை விலக்கும்போது யாரை விலக்குகிறோம் என்பது நமக்குத் தெரியாது. அனந்தாழ்வானுக்குத் தெரியாமல் போனது, நமக்கு மட்டும் தெரிந்துவிடுமா?

தோட்டப் பணி தனி ஒருவரால் முடியாதது என்பதை மலர்களே நமக்குச் சொல்லுகின்றன. குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் கவாத்து செய்தால், அது பங்குனி, சித்திரையில் பூத்துக் குலுங்கும். ஜாதிமல்லியை டிசம்பர் இறுதியிலும், முல்லையை ஜனவரி இறுதியிலும் கவாத்து செய்வது வழக்கம். மார்கழி மாதத்தில், அதாவது திருமாலைக்குத் தேவை மிகுந்த காலத்தில், மல்லி அருமையாகிவிடும். அப்பொழுது துளசியும் சம்பங்கியும் அரளியுமே கைகொடுக்கும். ஓர் ஊரின் மண் மல்லிக்கு ஏற்றது. மற்றோர் ஊரின் மண் சம்பங்கிக்கு ஏற்றது. எல்லாரும் மல்லியையே வைத்தால் சித்திரையில் மலர் மிஞ்சி வாடும். மார்கழியில் எம்பெருமானுக்கு மாலை குறையும். ஆகவே ஊர்களைக் கூட்டி, யார் எதை வைப்பது என்று முன்கூட்டிப் பேசி முடிவு செய்ய ஒரு சபை வேண்டியிருக்கிறது.

பூச்சிகளும் இதையே கற்பிக்கின்றன. 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அது பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. ஒருவர் தம் தோட்டத்தில் மருந்து தெளித்தால் மட்டும் பயனில்லை. அண்டைத் தோட்டத்திலிருந்து பூச்சி மீண்டும் வந்து சேரும். 2010-ஆம் ஆண்டில் புவெர்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொணர்ந்து விட்ட பின்னரே அத்துன்பம் அடங்கியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அச்சிறு குளவி எந்த வேலியையும் பார்க்கவில்லை. இது எந்த ஊர்ச் செடி என்றும் கேட்கவில்லை.

பிற நாட்டாரும் இவ்வுண்மையை உணர்ந்தே சங்கம் கண்டார்கள். இங்கிலாந்தில் யார்க் நகரத்து மலர் வளர்ப்போர் 1768-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் அமைத்தனர். 1804-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் இலண்டனில் ஒரு புத்தகக் கடையில் எழுவர் கூடித் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம், 1861-இல் அரசப் பட்டம் பெற்று, இன்று ஊர்தோறும் உள்ள ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் 1820-இல் கல்கத்தாவில் வில்லியம் கேரியின் முயற்சியால் ஒன்றும், 1835-இல் சென்னையில் ஒன்றுமாக வேளாண் தோட்டக்கலைச் சங்கங்கள் தோன்றின. இணைப்புச் சங்கத்தின் இலக்கணம் எளியது. ஒவ்வொரு சிறு சங்கமும் தன் தோட்டத்தையும் தன் பணப்பெட்டியையும் தானே வைத்துக்கொள்ளும். பெரிய சங்கம் தனித்தனியே ஆகாதவற்றை மட்டும் செய்யும்: விதையும் பதியனும் கைமாற வழி செய்வது, மலர்க் காட்சிகள் ஒரே நாளில் மோதாமல் நாள் குறிப்பது, அறிந்தவர்களை அனுப்பி வைப்பது, காட்சிக்குப் பொது விதி வகுப்பது ஆகியவை அதன் பணி. தலைமை என்று பெயர் இருந்தாலும் அது செய்வது தொண்டே. தோட்டத்தில் உழைப்போருக்கு உழைப்பதால் அது அடியார்க்கு அடிமை செய்தலேயாம்.

எளிய இலக்கணந்தான், ஆனால் அதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஸ்ரீ கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்திற்கு வியாக்கியானம் அருளிய எம்பெருமானார், தியாகத்தை மூவகையாகக் காட்டியருளுகிறார். பயன் எனக்கு என்பதை விடுதல், செயல் என்னுடையது என்பதை விடுதல், செய்பவன் நானே என்பதை விடுதல் ஆகிய மூன்றுமே அவை. செயலை விட்டுவிடுவது தியாகமன்று. இம்மூன்றும் ஒரு தோட்டச் சபையை நடத்துவோனுக்கென்றே சொல்லப்பட்டவை போலத் தோன்றுகின்றன.

முதலாவது, பயனை விடுதல். மலர்க் காட்சியில் முதற்பரிசு, கோயிலில் முதல் மரியாதை, மாலைகளுள் மேலே சாற்றப்படும் மாலை ஆகியவையே சபைகளைப் பிளப்பவை. எங்கள் வட்டாரத்திலும் இப்பூசல் எழுந்தது. எந்த ஊர் மாலை எந்த நாளுக்கு என்பதை ஆண்டுதோறும் திருவுளச்சீட்டு இட்டுத் தீர்மானிப்பது என்று முடிவு செய்தோம். சீட்டை எடுப்பது ஒரு குழந்தை. முடிவு எம்பெருமானுடையது என்று எல்லாரும் ஒப்பியபின் பூசல் அடங்கிற்று.

இரண்டாவது, ‘என்னுடையது’ என்பதை விடுதல். இங்கே அடியேன் என் குற்றத்தையே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நந்தவனத்தில் அடுக்குமல்லி இருந்தது. வட்டாரத்தில் வேறெங்கும் அவ்வளவு செழிப்பாக அது இல்லை. அண்டை ஊர்ச் சபையார் பதியன் கேட்டார்கள். ‘அடுத்த பருவத்தில் பார்ப்போம்’ என்று இரண்டு பருவம் கடத்தினேன். மறுக்கவில்லை, கொடுக்கவுமில்லை. எங்கள் நந்தவனத்தில் நீர் இறைத்துவந்த முதியவர் ஒருவர், அடியேனைக் கேளாமல் நான்கு பதியன்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். செய்தி தெரிந்ததும் அவரைச் சபை நடுவில் நிறுத்திக் கடிந்து பேசினேன். விதியைச் சொன்னேன், ஒழுங்கைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “சாமி, எங்கே பூத்தாலும் பூ போய்ச் சேருகிற இடம் ஒன்றுதானே” என்று மட்டும் சொல்லி, மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார். மறுநாள் முதல் அவர் வரவில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்தில் பல நாள்கள் நீர் தேங்கியது. அடுக்குமல்லியின் வேர் அழுகி, ஒரு செடியும் மிஞ்சவில்லை. வாய்க்காலின் மட்டத்தை அறிந்து வெட்டிவிடுபவர் அந்த முதியவர் ஒருவரே, அவர் இல்லை. அடுத்த ஆண்டு அண்டை ஊரார் தாமே முன்வந்து, அந்த நான்கு செடிகளிலிருந்து பதியன் போட்டு எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். அவற்றை நட்டபின், முதியவரிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். அவர் பரமபதித்துப் பதினாறு நாள்கள் ஆகியிருந்தன. அனந்தாழ்வானுக்காவது கற்பூரம் சாற்ற ஒரு திருமோவாய் கிடைத்தது. அடியேனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இன்று அச்செடிகளில் பூப்பவை அனைத்தும் அவர் கொடுத்தவையே.

விதி வேண்டாவோ என்று கேட்கலாம். வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கணக்கு எழுதுவதும், பொதுக்குழுவைக் கூட்டுவதும், ஆண்டறிக்கை அளிப்பதும் கடமைகளே. பிறர் பொருளை வைத்திருப்பவனுக்குக் கணக்கு எழுதுவதும் ஒரு கைங்கர்யம். பதியன்களைக் கேளாமல் எடுப்பதைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது என்பதும் உண்மையே. அடியேன் செய்த பிழை விதியைச் சொன்னதன்று. கொடாமையை மறைப்பதற்கு விதியைத் திரையாக்கியதே.

மூன்றாவது, ‘செய்பவன் நானே’ என்பதை விடுதல். இதற்கு ஒரு வரலாறு சொல்வர். திருமங்கை ஆழ்வார் திருவரங்கத்தில் திருமதிள் எடுத்தபோது, நேர்கோட்டில் கட்டிக்கொண்டு வந்த சுவர் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் நந்தவனத்தின் குறுக்கே வந்தது. திருமங்கை மன்னர் நந்தவனத்தை அழிக்கவில்லை. மதிளை விலக்கிக் கட்டினார். பெரும்பணி செய்கிறவர் சிறுபணி செய்கிறவருக்காக வளைந்துகொடுத்தார். இணைப்புச் சபையின் தலைமையில் இருப்போர் நாள்தோறும் நினைக்க வேண்டிய வரலாறு இது. எல்லா ஊர்களையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே திட்டத்தில் அடக்குவது நிர்வாகத்திற்கு எளிது. ஆனால் அந்த நேர்கோடு யாரோ ஒருவர் கையால் வைத்த துளசியின் மேல் விழும். உரிய காலத்தில் பதவியை இளையவரிடம் ஒப்படைப்பதும் அவ்வாறு வளைவதேயாகும். நாம் இல்லாவிடில் நின்றுபோகும் பணியைக் கைங்கர்யம் என்பதைவிட நம் பெருமை என்பதே பொருந்தும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இனி விடை கூறலாம். நந்தவனம் யாருடையது? அது எம்பெருமானுடைய சொத்து. நாம் அவனுக்குச் சேஷப்பட்டவர்கள். பொறுப்பு நம்முடையது, உடைமை நம்முடையதன்று. பொறுப்பை ‘என்னுடையது’ என்று எண்ணுகிறவன் விடியுமுன் எழுந்து நீர் பாய்ச்சுவான்; தோட்டம் வாடாது. உடைமையை ‘என்னுடையது’ என்று எண்ணாதவன் கேட்பவருக்குப் பதியன் கொடுப்பான், கூட்டமும் குலையாது. நடுவழி இதுவே. உழைப்பில் பற்று வேண்டும். உரிமையில் பற்று வேண்டாம்.

உத்ஸவம் ஸேவிக்க வந்துள்ள அன்பர்களே! ஊர் திரும்பியபின் உங்கள் ஊர்க் கோயில் நந்தவனத்தை ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே யாரேனும் ஒருவர் தனியே மண்வெட்டியுடன் நிற்கக் கூடும். அவருக்கு ஒரு கூடை சுமந்து கொடுங்கள். நீங்களே அம்மண்வெட்டியை ஏந்துபவராயின், உதவ வரும் சிறுவனை விரட்டாதீர்கள். வந்தவன் யார் என்று நமக்குத் தெரியாது.