காவல் மாறிய ஊர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியில் ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருமொழி 'நெய்க்குடத்தை' என்று தொடங்குவது. நெய் நிறைந்த குடத்தின்மேல் எறும்புகள் சாரிசாரியாக ஏறுவதுபோல் உடம்பைப் பற்றி ஏறும் நோய்களை ஆழ்வார் நேருக்கு நேர் நிறுத்திப் பேசுகிறார். காலத்தோடு தப்பிப் பிழைத்துப் போய்விடுங்கள் என்கிறார். உள்ளே எம்பெருமான் அரவணையோடு எழுந்தருளிவிட்டான். இவ்வூர் பழைய ஊர் அன்று, காவல் ஏற்பட்டுவிட்டது என்பது இத்திருமொழியில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து.

இத்திருமொழியை நோயுற்றோர் அநுஸந்திப்பது நம்மவரிடையே வழக்கம். அநுஸந்திக்கும்போது ஒன்றைக் கவனித்தருள வேண்டும். 'என் நோயைத் தீர்த்தருள்' என்று ஆழ்வார் ஓரிடத்திலும் எம்பெருமானை வேண்டவில்லை. அவர் பேசுவது நோயோடும் யமதூதரோடும் காவலில் நிற்கும் திவ்யாயுதங்களோடும்தான். எம்பெருமானிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் மீதம் இல்லை. அவன்தான் வந்து குடிபுகுந்துவிட்டானே! வீட்டுக்காரன் உள்ளே இருக்க, வாசலில் நிற்பவனிடம் அடியான் பேசும் பேச்சு இது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் பெரியாழ்வார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் வருசநாட்டு மலைகளுக்கு அப்பால் உள்ளது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை என்று இருபுறத்துக் காடுகளையும் ஒரே பெயரால் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆழ்வார் அண்டை வீட்டார் என்று அடியேன் சொல்லிக்கொள்வதுண்டு. நான்காம் பாசுரத்தில் இவ்வுடம்பை நரசிங்கப் பிரான் சேரும் திருக்கோயில் என்கிறார். ஆண்டிபட்டிப் பக்கம் ஜம்புலிபுத்தூரில் கதலி நரசிங்கப் பெருமாளைச் சேவித்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே கண்முன் நிற்கும். ஆறாம் பாசுரத்தில் பசு மேய்த்த பிரான் பேணும் திருக்கோயில் என்கிறார். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் மாட்டுப்பொங்கலன்று திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அதற்கு வேறு உரை வேண்டியதில்லை.

வங்கிப் பணியில் வாழ்நாளைக் கழித்தவனாகையால் அடியேனை மிகவும் ஈர்ப்பவை இரண்டாம் பாசுரமும் எட்டாம் பாசுரமும். இரண்டாவதில் ஒரு கணக்கு வருகிறது. சித்திரகுப்தன் எழுதிய ஓலை. அதன்மேல் யமன் பதித்த இலச்சினை. அந்த இலச்சினையை மாற்றிவிட்டுத் தூதுவர்கள் ஓடி ஒளிந்தார்கள் என்கிறார் ஆழ்வார். முத்திரை பதித்த ஆவணத்தை அலுவலகத்தில் யாரும் எளிதில் தொடமாட்டார்கள். அதை மாற்றுவதென்றால் அதற்கும் மேலான அதிகாரம் குறுக்கிட்டிருக்க வேண்டும். அந்த மேலான முத்திரை எது என்பதை ஆழ்வார் எட்டாம் பாசுரத்தில் வெளியிடுகிறார்: எம்பெருமான் தன் திருவடி இலச்சினையைத் தம் சென்னியில் வைத்தான் என்கிறார். ஒரு முத்திரை போயிற்று, மற்றொரு முத்திரை வந்தது, சொத்து கைமாறிவிட்டது. இனி இவ்வுடம்பின் நோயும் நலமும் உடையவனுடைய கணக்கில் சேரும்.

இதை மனத்தில் கொண்டால்தான், நோயிலிருந்து தேறிவரும் நாட்களைக் கழிக்கும் முறை விளங்கும். நம் பூர்வர்கள் நோயைத் 'திருமேனி பாங்கின்றி இருத்தல்' என்றார்கள். கடும் நோய்க்காலத்தில் நாம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை; மருத்துவர்களும் வீட்டாரும் பார்த்துக்கொள்வார்கள். சோதனை அதற்குப் பிறகுதான். இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து அடியேன் தேனிக்குத் திரும்பியபோது, அறுத்த மார்பெலும்பு கூடும்வரை பாரம் தூக்கலாகாது, கைகளை ஊன்றி எழலாகாது என்று விதித்திருந்தார்கள். அப்படியானால் தண்டனிட்டுச் சேவிப்பது எங்ஙனம்? குளிர்ந்த நீரில் நீராட்டம் இல்லை. பெருமாள் திருமுன்பே பத்து நிமிடம் நின்றால் தலை சுற்றும். நாற்பது ஆண்டுகளாக விடாமல் செய்துவந்த நித்யகர்மங்கள் ஒவ்வொன்றும் கைநழுவ, எழுவதற்கும் படுப்பதற்கும் காரணமே இல்லாத பகல் ஒன்று மிஞ்சியது. மார்பில் இட்ட தையலைவிட அது அதிகம் வலித்தது.

இவ்விடத்தில்தான் மூன்றாம் பாசுரம் கைகொடுக்கிறது. வராகமாய்ப் பூமியை எயிற்றில் ஏந்திய பெருமான் தம்மை இரவும் பகலும் ஓதுவித்து, பயிற்றுவித்து, பணிசெய்ய ஏற்றுக்கொண்டான் என்கிறார் ஆழ்வார். ஓதியவர் ஆழ்வார், ஓதுவித்தவன் அவன். பயிற்சி பெற்றது இவ்வுடம்பு, பயிற்றியவன் அவன். மூச்சுப்பயிற்சிக்கென்று மருத்துவமனையில் மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறு கருவி கொடுக்கிறார்கள். மூச்சை மெல்ல உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். அடியேன் கேசவன் முதல் தாமோதரன் ஈறான பன்னிரு திருநாமங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு மூச்சு என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் மாதவனைத் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். கைங்கர்யத்துக்கு உரிய உடம்பைக் கைங்கர்யத்துக்கு ஆயத்தப்படுத்துவதும் கைங்கர்யமே என்று கொண்டால், அந்தப் பந்துகளை உயர்த்துவது திருவாராதனத்துக்குத் தீர்த்தம் கொண்டுவருவதற்குக் குறைந்ததன்று.

நம் ஸம்ப்ரதாயம் நாளை ஐந்தாகப் பகுத்து வைத்திருக்கிறது: அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம். எம்பெருமானார் அருளிய நித்யக்ரந்தம் திருவாராதன முறையை விவரிப்பது. தேறிவரும் ஒருவருக்கு இந்த ஐந்து காலங்கள் பெரிய துணை. கண்விழித்ததும் படுக்கையிலிருந்தே அவனை நோக்கிக் கைகூப்புவது அபிகமனம். பூவும் துளசியும் திரட்டும் உபாதான காலத்தில், தோட்டம்வரை நடக்க மருத்துவர் அனுமதித்த ஐந்து நிமிடத்தில் ஒரு துளசித்தளம் கிள்ளி வந்தால் போதும். நடையும் ஆயிற்று, உபாதானமும் ஆயிற்று. இஜ்யையை இல்லத்தில் வேறொருவர் செய்ய, நாம் உட்கார்ந்தபடி மனத்தால் உடன் செய்யலாம். அதன்பின் உண்பதைப் பெரியோர் அநுயாகம் என்பர். திருவாராதனத்தின் தொடர்ச்சியே அது. உப்பும் நெய்யும் குறைந்த கஞ்சியானாலும் அமுது செய்வித்தது பிரசாதமே. அக்காரவடிசில் வந்தால் ஒரு பருக்கை கண்ணில் ஒற்றி உட்கொள்ளுங்கள். பிரசாதத்துக்கு அளவு கிடையாது என்று சொல்லித் தொன்னையை நிரப்பும் அன்பர்களிடம் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். நெய்க்குடமும் எறும்பும் இருதய மருத்துவருக்கும் தெரிந்த உவமைதான்!

நீராட இயலாமைக்கும் வருந்த வேண்டா. சாஸ்திரங்கள் ஸ்நானத்தை ஏழு வகையாகச் சொல்லி, எம்பெருமானை நினைப்பதாகிய மானஸ ஸ்நானத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கின்றன. கோயில் எட்டாத தூரத்தில் கடல்கடந்து வாழும் பாகவதர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஓர் ஐயம் எழும். சரணாகதி செய்தவன் மருந்தை நாடலாமா? குலசேகராழ்வார் வித்துவக்கோட்டம்மானைப் பாடும்போது, அறுத்துச் சுடும் மருத்துவனிடம் நோயாளி கொள்ளும் நீங்காத காதலை எம்பெருமானிடம் தாம் கொண்ட காதலுக்கே உவமையாக்கினார். வைத்தியம் விலக்கத்தக்கதாயின் அவ்வுவமை நில்லாது. ப்ராரப்த கர்மம் இவ்வுடம்போடு தீர வேண்டியது என்பதும் நம் கொள்கை. ஆகவே 'நெய்க்குடத்தை' ஓதினால் நோயே அணுகாது என்று யாரும் உறுதி தரலாகாது. எறும்பு குடத்தின்மேல் ஏறக்கூடும். குடத்துக்கு உடையவனாக முடியாது என்றே அடியேன் இத்திருமொழியை உணர்கிறேன்.

இழந்தது திரும்பி வராமலே போனால் என்ன செய்வது? இதற்குக் கூரத்தாழ்வானின் சரிதத்தைவிடத் தெளிவான விடை இல்லை. வைகையின் போக்கிலேயே எங்கள் ஊரிலிருந்து கிழக்கே இறங்கினால் மதுரை. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருமாலிருஞ்சோலை. எம்பெருமானாரைக் காப்பதற்காக அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துச் சோழனின் சபைக்குச் சென்று, கண்களை இழந்து திரும்பியவர் ஆழ்வான். உடன் சென்ற பெரிய நம்பிகளும் கண்ணிழந்து வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். பிறகு திருவரங்கத்தில், எம்பெருமானார் ஸம்பந்தம் உடையவர்களுக்குக் கோயிலில் இடமில்லை, ஆழ்வான் நற்குணம் உடையவராகையால் அவர் மட்டும் வரலாம் என்றார்கள். ஆசார்ய ஸம்பந்தத்தை அறுத்துக்கொண்டு பெறும் சேவை தமக்கு வேண்டாவென்று ஆழ்வான் திரும்பிவிட்டார். கண்ணும் இல்லை, ஆசார்யரும் அருகில் இல்லை, திருவரங்கமும் இல்லை. அந்நிலையில் குடும்பத்தோடு அவர் வந்து தங்கிய இடம் திருமாலிருஞ்சோலை.

அங்கே அவர் அருளிச்செய்தது ஸுந்தரபாஹு ஸ்தவம். கண்ணிழந்தவர் அழகருடைய திருமேனியழகை அவயவம் அவயவமாக அநுபவித்துப் பேசுகிறார். அதிலே தமக்குப் பார்வை வேண்டுமென்று மன்றாடவில்லை. திருவரங்கம் பழையபடி செழிக்க வேண்டும், எம்பெருமானாரோடு கூடித் தொண்டு செய்ய வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். எம்பெருமானார் மேல்நாட்டிலிருந்து மீண்டு வந்தபின், காஞ்சியில் வரதனிடம் கண்ணைக் கேட்கும்படி அவரே நியமித்தார். ஆழ்வானோ தம் கண்போகக் காரணமான நாலூரானுக்கு மோக்ஷத்தைக் கேட்டார். நாம் 'மீண்டு வருதல்' என்று எதைச் சொல்கிறோமோ அது அவருக்கு வாய்க்கவில்லை என்று யாராவது சொல்லமுடியுமா? முகக்கண் மீளவில்லை, அவ்வளவுதான். அறுவைக்கு முன்பிருந்த வலிமையை நாள்தோறும் அளந்து பார்த்து ஏங்குவோர் இச்சரிதத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

பகல் இவ்வாறு ஐந்து காலங்களில் அடங்கிவிடும். இரவு அடங்காது. நோயிலிருந்து தேறுபவர்கள் நடுச்சாமத்தில் காரணமின்றி விழித்துக்கொள்வார்கள். வீடு முழுவதும் உறங்கும். நெஞ்சு துடிப்பது காதில் கேட்கும். இனி விழித்தெழுவோமா என்ற அச்சம் அந்நேரத்தில்தான் வரும். ஒன்பதாம் பாசுரம் அந்த நேரத்துக்கு உரியது. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு, திசைகாவலர், கருடன் என்று ஒவ்வொருவராக அழைத்து, உறங்காதீர்கள், பள்ளியறையைக் காத்திருங்கள் என்று ஆழ்வார் பணிக்கிறார். உறங்க வேண்டா என்பதை ஒரே மூச்சில் மூன்று முறை சொல்கிறார். விழித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். பத்தாம் பாசுரத்தில் அரவணையும் திருப்பாற்கடலும் பிராட்டியும் எல்லாமாகத் தன் இருப்பிடத்தோடே அவன் உள்ளே புகுந்துவிட்டதைப் பேசுகிறார். அந்த இரண்டு பாசுரங்களையும் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டு, அடியேன் வலப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

அடியேன் இராமாநுஜ தாசன்