நோயுமல்ல, சுகமுமல்ல

மார்பில் தட்டுப்பட்ட சிறு கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு பரிசோதனைக்குப் போகிறது. "புற்றுநோய் இல்லை, ஆனால் கலங்கள் வழமைக்கு மாறாக இருக்கின்றன" என்று பதில் வருகிறது. "இல்லை" என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு பாலையூற்று லூர்து மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு யாவற்றையும் மறந்துவிடுவோர் உண்டு. "ஆனால்" என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு இரவிரவாக உறக்கமின்றிக் கிடப்போரும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கிறிஸ்தவப் பெண் செல்லத்தக்க வழி எது? அன்பான வாசகர்களே, இது வைத்தியருக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

முதலில் விடயத்தை அறிவோம். இத்தகைய பதில் வந்தால் அந்த இடத்தை வெட்டியெடுத்து, பக்கத்தில் புற்று மறைந்திருக்கிறதா என்று பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றாலும், மற்றப் பெண்களைவிட இவருக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பார்த்த கணக்கின்படி, இப்படிப்பட்ட 100 பேரில் 25 ஆண்டுகளுக்குள் சுமார் 30 பேருக்கு நோய் வருகிறது. 70 பேருக்கு வருவதில்லை. அது அந்நாட்டுப் பெண்களின் கணக்கு. நம்மவருக்கு அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது. அந்த எழுபதில் தான் ஒருத்தியா, முப்பதில் ஒருத்தியா என்பதை எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

வழிகள் இரண்டு. ஒன்று, காலந்தவறாமல் வைத்தியரிடம் காட்டி, மமோகிராம் எடுத்துக் கண்காணித்து வருவது. மற்றது, அத்துடன் தமொக்சிபென் என்னும் மாத்திரையை நாள்தோறும் ஐந்து ஆண்டுகள் உட்கொள்வது. 13,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வில், நோய் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் கருப்பைப் புற்றுநோயும் இரத்தம் உறைதலும், சிறப்பாக ஐம்பதைக் கடந்தவர்களிடம், சற்றுக் கூடின. 500 பெண்களிடம் இத்தாலியில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நான்கிலொரு பங்கு மருந்தை மூன்று ஆண்டுகள் கொடுத்தபோதும் நல்ல பயன் தெரிந்தது. இன்னொன்றையும் மறைக்கலாகாது. இம்மருந்து நோயைக் குறைக்கிறது. ஆயினும் அதை முன்கூட்டியே உண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் இறப்பது குறைந்ததென்று நீண்டகால ஆய்வுகள் இதுவரை காட்டவில்லை.

(1962இல் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது கருத்தடை மருந்து! அதற்கு இது உதவவில்லை. வேறொரு நன்மைக்கு வந்து சேர்ந்தது.)

"வராத நோய்க்கு மருந்து உண்பது ஆண்டவர்மேல் நம்பிக்கையீனம் அல்லவா?" என்று நம் தாய்மார் சிலர் கேட்பார்கள். மருந்தைப் பூமியிலிருந்து உண்டாக்கியவர் கடவுளே என்றும், வைத்தியனை மதிக்கவேண்டும் என்றும் சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. மாரிக்கு முன் கூரை வேய்கிறவனை நாம் நம்பிக்கையற்றவன் என்பதில்லையே. அதேபோல், "மருந்து இருந்தும் உண்ணாமல் விடுவது பாவமா?" என்று கலங்கவும் வேண்டாம். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே ஒருவர் கடமைப்பட்டவர் என்றும், ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, தாங்கொணாச் சுமையாகாத வழியே சாதாரண வழி என்றும் தெளிவுபடுத்தினார். 1980இல் வெளியான திருச்சபைப் பத்திரமும் பயனையும் சுமையையும் ஒப்பிட்டு நோக்கும்படி கூறுகிறது. பயன் திட்டமாகத் தெரியாத இந்த மாத்திரையை உண்பதும் உண்ணாதிருப்பதும் மனச்சாட்சிக்கு விடப்பட்டவை என்பதே என் துணிபு.

ஆனால் "இடத்துக்கேற்ப" என்ற சொல்லில் சற்று நிற்போம். கண்காணிப்பு என்றால் கொழும்பிலே அது ஒரு பஸ் பயணம். துறைமுகத்தில் நாட்கூலி செய்பவரின் மனைவிக்கோ, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால், அது ஓர் இரவுப் புகையிரதம், பிள்ளைகளைப் பார்க்க ஓர் அயலவர், இழந்துபோகும் இரண்டு நாட் சம்பளம். "நான் மருந்து வேண்டாம், பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, பிறகு பார்க்காமலே விடுவது மூன்றாவது வழியன்று. அது எதையும் தேர்ந்துகொள்ளாத நிலை. ஆகவே கண்காணிப்பைத் தெரிவு செய்யும் பெண்ணுக்கு அந்த நாளையும் பயணத்தையும் உறுதிசெய்து கொடுப்பது கணவனின் கடமை. கணவன் கடலில் இருந்தால் சகோதரரின் கடமை. யாருமில்லையென்றால் நமது பங்கின் கடமை. பெருநாளுக்குச் சோடனை செய்யக் கூடும் கைகள் இதற்கும் கூடலாம்.

பிள்ளைப்பேற்றுக் காலத்தில் உள்ளவர்களுக்கு மேலுமொரு சுமை: மாத்திரை உண்ணும் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது, குழந்தைக்குத் தீங்கு. நோய்க்கான மருந்தால் கருவுறுதல் தடைப்பட்டாலும், அத்தடையை நாடி உண்ணாதவரை அது குற்றமன்று என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடல் போதிக்கிறது. ஆயினும் இன்னும் ஒரு பிள்ளையை விரும்பும் தம்பதியர் ஐந்து ஆண்டுகளைத் தள்ளிப்போடுவது இலேசான காரியமன்று. இதை மாமியாரோ, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மைத்துனரோ தீர்மானிக்க முடியாது. ஆலோசனை சொல்லலாம், மாத்திரையை விழுங்குவதும், அதனால் வரும் உடற்கொதிப்பைத் தாங்குவதும் அவளே.

கடைசியாக, பலர் வாய்திறக்காத ஒன்று. மகளுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் இந்தப் பதிலைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் தாய்மார் உண்டு. ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை; அது உங்கள் உரிமை. ஆனால் உடன்பிறந்த சகோதரிக்கும் வளர்ந்த மகளுக்கும் சொல்லவே வேண்டும்; தாய், சகோதரியின் வரலாற்றை வைத்தே வைத்தியர் அவர்களுடைய நிலையைக் கணிக்கிறார். 1996 முதல் நம் நாட்டில் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதில் பெண்களை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உங்கள் தங்கைக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டதானால், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவளிடம் பேசுங்கள்.