அடியில் இருந்த ஈரம்



மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டார்கள், அடியில் ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்தார்கள்.

ஈப்போவில் வியாபாரம் செய்யும் நமக்கும் இது பாடம். சிப்பந்தி, கம்பெனியின் ஆதாயத்துக்காகக் கைக்கூலி கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி என்கிறது ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு. 2020 ஜூன் 1 முதல் அமலிலுள்ளது. குறைந்த அபராதம் கைக்கூலியின் 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, இரண்டில் அதிகமானது. தக்க தடுப்பு ஏற்பாடு செய்திருந்ததாக நிரூபித்தாலே தப்பலாம்.

பையன் செய்தான், நமக்குத் தெரியாது என்றால் தீராது. நம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி மறுமையிலும் கேள்வியுண்டு. கணக்கில் எழுதக் கூசும் காசைக் கொடுக்க மறுத்ததால் சரக்குத் தாமதமானாலும், அந்தச் சிப்பந்தியை ஏசாதிருப்போம். அவன் கைசுத்தமே நம் கடையின் பரக்கத்.